தேர் அகலத்து வீதிகள்

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கும் பக்தர் கையில் ஒரு சிறு பையோடு வெளியே வந்து, டவுன்ஹால் ரோட்டில் கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. எதிரே மேலக்கோபுரம் அழைத்துக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம்தான். அதற்குள் வெளி வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி என்று குறுக்கே வரும் வீதிகளை ஒவ்வொன்றாகக் கடந்து சித்திரை வீதியை அடைந்துவிடுவார். மதிலுக்குள் நுழைந்தால் ஆடி வீதி. வீதிகளின் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொன்னாலே பாதிப் பஞ்சாங்கம் சொன்னதாகிவிடும்.

மாதங்களின் பெயரால் வீதிகள் அமைந்ததற்குக் காரணம், அந்தந்த மாதத்தில் சுவாமி எழுந்தருளிய திருவீதி அது என்பதே. இன்று சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில் ஓடுவதைக் கண்டு வெளியூர் அன்பர்கள் சிலர் குழம்புவதுண்டு. திருமலை நாயக்கர் காலத்தில், மாசியில் நிகழ்ந்த திருக்கல்யாணமும் தேரும் சித்திரைக்கு மாற்றப்பட்டன. விழா மாதம் மாறியது. வீதியின் பெயர் மாறவில்லை. தேர் பெரியது, அதற்கு ஏற்ற அகலம் மாசி வீதிகளில்தான் இருந்தது என்பதால் அது பழைய பாதையிலேயே ஓடுகிறது.

இந்த ஒரு செய்தியிலேயே நம் கோயில் நகரங்களின் அமைப்புச் சூத்திரம் அடங்கியிருக்கிறது. வீதியின் அகலத்தைத் தேர் தீர்மானித்தது. தேரைத் தீர்மானித்தது கோயில். கோயிலையோ, மனிதர்கள் நடந்து சென்று வலம்வரும் இடமாகவே நம் முன்னோர் கருதினார்கள். ஆகவே சுற்றிச் சுற்றி வளர்ந்த ஊர் முழுவதும், யாரும் தனியாகத் திட்டமிட்டு அறிவிக்காமலேயே, நடப்பதற்கான ஊராக அமைந்தது.

வலம் என்னும் ஒழுங்கு

பரிபாடல் மதுரையைத் தாமரை மலருக்கு ஒப்பிடுகிறது. வீதிகள் அதன் இதழ்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை நகரின் கடைவீதிகளைக் கண்டுவந்ததும் கால்நடையாகத்தான். இன்று நாம் காணும் வீதி அமைப்பின் பெரும்பகுதி நாயக்கர் காலத்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; சங்க காலத்து வீதியிலேயே நடக்கிறோம் என்று பெருமை பேசுவது மிகை. ஆயினும் நடுவில் கோயில், சுற்றிலும் வீதிகள் என்ற எண்ணம் அறுபடாமல் வந்திருக்கிறது.

இவ்வமைப்பில் நடப்பவருக்கு என்ன வசதி? முதலாவது, வழிகள் பல. சுற்று வீதிகளை இணைக்கும் சந்துகளும் தெருக்களும் நெருக்கமாக இருப்பதால், ஒரு வழியில் கூட்டமென்றால் அடுத்த சந்தில் திரும்பிக்கொள்ளலாம். அதனால் தூரம் கூடுவதில்லை. இரண்டாவது, வேலைகள் எல்லாம் வழியிலேயே முடிந்துவிடும். கோயிலுக்குப் போகிறவர் திரும்பும்போது பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு, பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர் கடையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். வளையல்காரத் தெரு, வெற்றிலைப்பேட்டை என்று தொழில்களின் பெயரால் அமைந்த தெருக்கள் கோயிலை ஒட்டியே இருந்தன. நடை என்பது தனியாக ஒதுக்கிச் செய்யவேண்டிய ஒரு பயிற்சியாக இல்லை. வாழ்க்கையே நடையாக இருந்தது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. கோயிலை நாம் வலமாகவே சுற்றுகிறோம். அது சாஸ்திரம். அந்தச் சாஸ்திரத்தின் பயனாக, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே வீதியில் நடந்தாலும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வதில்லை. எல்லோரும் ஒரே திசையில் செல்கிறார்கள். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்க முடிவதற்கு இந்த ஒரே திசை ஒழுங்கு முக்கியமான காரணம். அந்தப் பாதையில் இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் அமைந்திருக்கின்றன. தரிசனத்துக்கு நிற்கிறோம், அந்தச் சாக்கில் காலுக்கும் ஓய்வு கிடைக்கிறது. முதியவர் நடையில் நின்று செல்லும் இடங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிய வேண்டுமென்பதில்லை.

சுவாமி புறப்பாடே அப்படித்தான் அமைந்திருக்கிறது. மண்டகப்படி தோறும் சுவாமி எழுந்தருளி, தீபாராதனை கண்டு, சற்றே இளைப்பாறிய பிறகே அடுத்த இடத்துக்குப் புறப்படுகிறார். நான்கு வீதியையும் ஒரே மூச்சில் சுற்றிவருவது பொதுவான வழக்கமன்று.

திண்ணையும் சுமைதாங்கியும்

வீதிக்கு அகலம் தேரால் வந்தது என்றால், அதன் இரு ஓரங்களுக்கும் உயிர் வந்தது திண்ணைகளால். அக்ரகாரமானாலும் வணிகர் தெருவானாலும், வீட்டுக்கும் வீதிக்கும் நடுவில் யாரும் உட்காரத்தக்க ஓர் இடம் இருந்தது. அது வீட்டுக்காரருக்குச் சொந்தமான இடம். ஆனாலும் வழிப்போக்கர் அமர்ந்தால் யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து அடுத்த வீட்டுத் திண்ணை பத்தடி தூரம். எண்பது வயதுக்காரரும் நம்பிக்கையோடு தெருக்கோடி வரை நடந்தார் என்றால், எந்த இடத்தில் தலை சுற்றினாலும் உட்கார இடமும், தண்ணீர் கொடுக்க ஆளும் உண்டு என்ற உறுதி அவருக்கு இருந்ததே காரணம்.

ஊருக்கு வெளியே திண்ணைக்குப் பதிலாகச் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுவுவார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் துணையின்றித் தாமே இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அவை இருக்கும். ராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளையும் சத்திரங்களையும் தென்பாண்டி நாட்டு மக்கள் இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாலை போடுவது மட்டும் அறமாகக் கருதப்படவில்லை. நிழலுக்கு மரம், குடிக்கத் தண்ணீர்ப் பந்தல், தங்கச் சத்திரம், இறக்கி வைக்கச் சுமைதாங்கி ஆகிய இவ்வளவும் சேர்ந்தால்தான் அது சாலை.

திண்ணைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சில கடைகளாயின, சில இரும்புக் கம்பிக்குள் அடைபட்டன, பல இடங்களில் வீட்டோடு இடிக்கப்பட்டு இருசக்கர வாகனம் நிறுத்தும் இடமாயின. இதற்கு யாரைக் குறை சொல்வது? அவரவர் வீட்டுத் தேவை அவரவருக்கு. ஆனால் நூறு வீட்டுக்காரர்கள் தனித்தனியே செய்த நியாயமான காரியம், சேர்ந்து பார்க்கும்போது ஒரு தெருவின் முதியவர்களை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது.

தேர் செய்த தணிக்கை

வங்கிகளில் ஆண்டுதோறும் தணிக்கை நடக்கும். கணக்கில் இருப்பது கையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் ரத வீதிகளுக்கும் அப்படி ஓர் ஆண்டுத் தணிக்கை இருந்தது. அதன் பெயர் தேரோட்டம்.

திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன்பே தேரோடும் வீதியில் வேலை தொடங்கிவிடும். முன்னே நீட்டிய பந்தல் பிரிக்கப்படும். வீதிக்குள் இறங்கிய படிக்கட்டு பின்வாங்கும். கிளைகள் கழிக்கப்படும். இக்காலத்தில் மின்கம்பிகள் அவிழ்க்கப்படுகின்றன. பள்ளம் மேடு சமன் செய்யப்படும். ஏனென்றால் தேருக்கு வளைந்து நெளிந்து போகத் தெரியாது. வடம் பிடிப்பவர் முன்னே இழுக்க, சக்கரத்தின் அருகில் இருப்பவர்கள் முட்டுக்கட்டை போட்டு அதன் திசையைச் சிறிது சிறிதாகத்தான் திருப்புவார்கள். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமும், ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டது. திருச்சி பெல் நிறுவனம் அமைத்துக் கொடுத்த நீரழுத்த பிரேக்குகளே இன்று அதை நிறுத்துகின்றன. அவ்வளவு பெரிய தேர் ஒரு வீதி முனையில் திரும்ப வேண்டுமானால், அந்த முனையில் எவரும் ஓர் அடிகூட ஆக்கிரமிக்க முடியாது. ஆக்கிரமித்தாலும் அடுத்த ஆண்டு தேர் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தணிக்கையால் பயன்பெற்றவர் ஆண்டு முழுவதும் அவ்வீதியில் நடந்த சாமானியர். ஒரு நாள் தேர் ஓடுவதற்காகக் காக்கப்பட்ட அகலம், மற்ற 364 நாட்களும் அவருடையதாக இருந்தது.

தேர் ஓடாமல் நின்ற ஊர்களைப் பார்த்தால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். தேர் பழுதாகி நிலையிலேயே நின்றுவிட்டால், சில ஆண்டுகளில் வீதி சுருங்கத் தொடங்கும். முதலில் ஒரு கூரை, அடுத்து ஒரு படி, அதற்கடுத்து ஒரு சுவர். தஞ்சைப் பெரிய கோயிலில் நூறாண்டுகளுக்கும் மேலாக நின்றிருந்த தேரோட்டம் 2015-ஆம் ஆண்டு சித்திரையில் மீண்டும் நடந்தது. ராஜ வீதிகள் நான்கிலும் புதிய தேர் அசைந்து வந்தபோது, தங்கள் பாட்டனார் சொல்லிக் கேட்ட காட்சியை நேரில் கண்டு முதியவர்கள் கண்ணீர் மல்கினார்கள். பக்தியின் மகிழ்ச்சி ஒருபுறம். வீதிகள் தேருக்காகச் சீரமைக்கப்பட்டன என்பது மறுபுறம்.

அதே தஞ்சை மாவட்டத்தில், 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், களிமேடு கிராமத்து அப்பர் சுவாமி திருவிழாவில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்த துயரத்தை யாரும் மறக்க முடியாது. சாலை மேன்மேலும் உயர்த்தப்பட்டதும் அதற்குக் காரணங்களுள் ஒன்றாக அப்போது பேசப்பட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய சாலை போடுவதால் வீதி ஆண்டுக்காண்டு உயர்கிறது. வீடுகள் தாழ்கின்றன. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வாசலுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். மழை பெய்தால் தண்ணீர் சந்நிதிக்குள் வருகிறது. மூட்டுவலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பது அனுபவித்தவருக்குத் தெரியும்.

ஸ்காட்லாந்து நாட்டார் ஒருவர் கண்டது

நம் கோயில் நகரங்களின் இந்த அருமையை வெளிநாட்டவர் ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து எழுதினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ் 1914-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் அளித்தார். பின்னர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இவரே. அக்காலப் பொறியாளர்கள் பழைய நகரங்களைக் கண்டால் உடனே நெடுங்கோடு போட்டு, குறுக்கே நின்ற வீடுகளை எல்லாம் இடித்து அகலச் சாலை போட வேண்டும் என்றார்கள். கெடிஸ் அதை எதிர்த்தார். தஞ்சையைப் பற்றிய அறிக்கையில் அவர் வற்புறுத்திய முறை, தேவையான இடத்தில் மட்டும் கைவைத்து, நல்ல வீட்டையும் மரத்தையும் கோயிலையும் காப்பாற்றி, சந்துகளைத் திறந்துவிடுவது. அறுவை சிகிச்சை என்றாலும் உடம்பைக் காப்பாற்றும் சிகிச்சை.

அவர் இந்தூரில் செய்த காரியம் ஆன்மிக அன்பர்கள் கேட்டு மகிழத்தக்கது. நகரில் பிளேக் நோய் பரவியிருந்த காலம். தெருக்களைச் சுத்தம் செய்யுங்கள் என்று அரசாங்கம் சொன்னால் யார் கேட்பார்கள்? 1917-இல் தீபாவளியை ஒட்டி ஒரு பெரிய ஊர்வலம் நடக்கும் என்று கெடிஸ் அறிவிக்கச் செய்தார். ஊர்வலம் வழக்கமான பாதையில் செல்லாது. எந்தத் தெருக்களில் அதிக வீடுகள் பழுதுபார்க்கப்பட்டுத் தூய்மையாக இருக்கின்றனவோ அந்தத் தெருக்கள் வழியே செல்லும் என்றார். ஊர் முழுவதும் போட்டி போட்டுக்கொண்டு பெருக்கி, வெள்ளையடித்து, குப்பையை அள்ளியது. ஊர்வலத்தில் மகாலட்சுமி வந்தாள். அழுக்கு அரக்கனின் உருவமும் பிளேக் எலியின் உருவமும் வந்தன. இறுதியில் அவ்விரண்டும் எரிக்கப்பட்டன. துப்புரவுத் தொழிலாளர்கள் மாலை அணிந்து பெருமையோடு நடந்தார்கள். மக்களுக்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன.

நம் ஊர்த் தேர் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த தணிக்கையை, அயல்நாட்டார் ஒருவர் புரிந்துகொண்டு வேறோர் ஊரில் செய்து காட்டினார் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

மதுரையிலும் ஓர் ஆங்கிலேயர் செய்த மாற்றம் நிலைத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில் புதிய வீதிகளும் மனைகளும் தோன்றின. வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவை அவ்வாறு வந்தவை. ஊர் வளர்ந்தபோதும் பழைய சுற்றுகளை வெட்டிக் குறுக்கே போகாமல், இன்னும் ஒரு சுற்றாகவே அது வளர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. அவர் நினைவாக எழுப்பப்பட்டதுதான் மதுரைக்காரர்கள் அடையாளம் சொல்லும் விளக்குத்தூண்.

ஆறு மீட்டர் குறைகிறது

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சாலையைக் கடக்கும் விளக்குகளுக்கு நேரம் ஒதுக்கும்போது, ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொள்வது பொறியாளர்கள் பலரின் வழக்கம். 18 மீட்டர் அகலச் சாலைக்கு அதன்படி 15 வினாடி போதும். முழங்கால் தேய்ந்த எழுபத்தைந்து வயது அம்மையார் ஒருவர் வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 வினாடியில் அவர் 12 மீட்டரைத் தாண்டியிருப்பார். மீதி ஆறு மீட்டர் இருக்கும்போது விளக்கு மாறிவிடும். பேருந்து ஒலிப்பான் முழங்கும். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போகமாட்டார். வீட்டில் கேட்டால் கால் வலி என்பார். உண்மையில் காலைவிட அதிகமாகக் குறைந்தது அந்த ஏழெட்டு வினாடிதான்.

நடைமேடையும் அப்படியே. இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி, தடையில்லாத நடைமேடை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், அதன் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 150 மில்லிமீட்டர் என்பது அரையடி. சாதாரணப் படிக்கட்டின் உயரம். நம் ஊர்களில் நடைமேடை ஓரடிக்கும் மேல் உயர்ந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாகனம் ஏறுவதற்காகச் சரிவாகி, மீண்டும் உயர்கிறது. இருபது வீடு தாண்டுவதற்குள் நாற்பது முறை ஏறி இறங்க வேண்டும். நடுவில் மின்மாற்றி, கேபிள் பெட்டி, விளம்பரத் தூண். முதியவர் வேறு வழியின்றிச் சாலையில் இறங்கி நடக்கிறார். நடைமேடை இருந்தும் அதில் நடக்கவில்லை என்று அவரையே குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

புறநகரில் தோன்றும் புதிய குடியிருப்புகளின் குறை வேறு வகை. அங்கே சாலை சீராக இருக்கும், வாகனமும் குறைவு. ஆனால் ஒவ்வொரு குடியிருப்பையும் சுற்றி மதிலும், ஒரே ஒரு வாயிலும் இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் பிள்ளையார் கோயில் மணியடிப்பது காதில் விழும். பார்த்தால் இருநூறு அடி. போக வேண்டுமானால் வாயில் வரை சென்று, பெரிய சாலையைத் தொட்டு, அடுத்த குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மகனோ மருமகளோ காரில் அழைத்துப் போனால் உண்டு. மதிலில் ஒரு சிறு கதவு வைத்தால் தீரும் காரியம் இது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை மறுப்பவர்கள், மதுரையிலும் திருவரங்கத்திலும் வெளி மதில்களுக்கு நான்கு திசையிலும் வாயில் வைத்த முன்னோரை எண்ணிப் பார்க்கலாம்.

திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் வாழும் வீதிகள். உத்தர வீதியில் தைத்தேரும், சித்திரை வீதியில் சித்திரைத் தேரும் ஓடுகின்றன. வீட்டு வாசலில் நின்று பெருமாளைச் சேவிக்கும் பேறு அங்குள்ளோருக்கு வாய்த்தது. எல்லாவற்றையும் உயர்வாகவே சொல்வது நியாயமாகாது. 1987-இல் நிறைவுற்ற 236 அடி ராஜகோபுரத்தின் கீழே இன்று ஆட்டோவும் காரும் இருசக்கர வாகனமும் நடப்பவரும் ஒரே வாயிலில் நெருக்குகிறார்கள். பல்லக்கும் மனிதரும் நுழைவதற்காக அமைந்த வழியில் மோட்டார் வாகனங்களும் நுழையும்போது, சுவரோரம் ஒதுங்கி நிற்பவர் வயதானவராகவே இருக்கிறார்.

திரும்ப வந்த வீதிகள்

நம்பிக்கையளிக்கும் செய்திகளும் உண்டு. மதுரையின் சித்திரை வீதிகளில் இன்று வாகனங்கள் ஓடுவதில்லை. கல் பாவிய தரையில், மாலை வேளையில், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சுற்றை முதியவர்கள் நிதானமாக வலம் வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கும் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்கிறது. நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். மெதுவாக நடப்பவருக்குச் சித்திரை வீதி வலம் ஒன்று அதே கணக்குக்கு வந்துவிடுகிறது. மருந்தாக எண்ணி நடப்பவரைவிட, அம்மனை எண்ணி நடப்பவர் ஒரு நாளும் விடாமல் நடக்கிறார்.

சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போரையும் மிதிவண்டியில் செல்வோரையும் முன்னிறுத்தும் கொள்கையொன்றை ஏற்றது. 2019-இல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. கடைவீதியில் செய்ய முடிந்ததைக் கோயில் மாட வீதிகளிலும் செய்ய முடியாதென்பதில்லை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. வீதியைச் சீர்ப்படுத்துகிறோம் என்று தொடங்கினால் முதலில் விரட்டப்படுபவர் பூக்காரர்தான். அவர் வழியை அடைக்கிறார் என்பார்கள். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து, இரவு நடை சாத்தும் வரை அவர் அங்கே இருப்பதால்தான் இருட்டில் வரும் வயதான பெண்மணிக்கு அச்சமில்லை. மயங்கி விழுந்தவருக்குச் சோடா வாங்கி வருபவரும், வீட்டுக்குத் தகவல் சொல்பவரும் அவரே. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், அவர்களுக்கு இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. நடைபாதையில் 1.8 மீட்டரை விட்டுவிட்டு, அதற்கப்பால் பூக்காரருக்கும் ஓர் இடம் குறிப்பது கடினமான காரியமன்று.

திருவிழாக் குழுக்களும் உழவாரப் பணி அன்பர்களும் இதில் கைகொடுக்க முடியும். கோயிலுக்குள் கல்லும் புல்லும் களைவது உழவாரப் பணி. அப்பர் பெருமான் உழவாரப் படையோடு தலந்தோறும் சென்றது வீதிகளின் வழியாகத்தான். கொடியேற்றத்துக்கு முன்பு தேர் வீதியை அதிகாரிகள் பார்வையிட வரும்போது, குழுவில் முதியவர் இருவரும் உடன் நடந்து, எந்த இடத்தில் கால் தடுக்குகிறது, எங்கே ஏற முடியவில்லை, எங்கே நிழலில்லை என்று சுண்ணாம்பால் குறியிட்டுக் காட்டலாம். தேருக்காக அவசரமாக நிரப்பப்படும் பள்ளங்களோடு அவையும் நிரம்பும். கிராமங்களில் என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம். மண்டபத்தில் மண்டகப்படி நடத்தும் குடும்பத்தார், விழா முடிந்த பிறகும் அவ்விடத்தில் ஒரு கல்பலகையும் ஒரு குடம் தண்ணீரும் ஆண்டு முழுவதும் இருக்க ஏற்பாடு செய்தால், அந்த மண்டகப்படி பத்து நாளோடு முடியாது.

மதுரையில் சித்திரைத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பின், கீழமாசி வீதித் தேரடியில் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கூட்டம் நிற்கும். அன்று மாசி வீதிகளில் ஒரு வாகனமும் இருக்காது. உப்பும் மிளகும் தேர்ச்சக்கரத்தில் போட வந்த பாட்டிமார், பேரப் பிள்ளைகளின் கையைப் பிடிக்காமலேயே நடுவீதியில் பேசிக்கொண்டு நடப்பார்கள். சற்று நேரத்தில் தடுப்புகளை எடுத்துவிடுவார்கள். முதல் ஆட்டோ உள்ளே வரும்போது எல்லோரும் ஓரத்துக்கு ஒதுங்குவார்கள்.